இடது காலில் அரை இன்ச்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். கண் எரிச்சல் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் இருமல் இருக்கிறது, மற்றபடி நலம்.

அத்தான் தவறிப்போன செய்தியைச் சொன்ன போனை நீ பரணில் தூக்கிப் போட்டாய். அன்றிலிருந்து உன்னிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் பேனாவைத் தேட வேண்டியிருக்கிறது. சரி, சுற்றி வளைக்கவில்லை. படம் எடுக்கப் போகிறேன். சிரிக்காதே. நிசப்தன் படம்! நாம் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு படித்த படக்கதை நிசப்தனேதான். முகம் கிடையாது, பேச்சு கிடையாது, அவன் உள்ளே காலை வைத்தால் அந்த இடத்தில் சத்தம் செத்துவிடும். கதை கம்பெனிக்குச் சொந்தம். நாங்கள் ரசிகர்கள், பைசா வாங்காமல் எடுத்து இணையத்தில் சும்மா போடப் போகிறோம்.

நான் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிற்றுக்கிழமை மேல்மாடிகள் எல்லாம் காலி. அங்கேதான் படப்பிடிப்பு. கேமராவுக்கு ஒரு கல்யாண வீடியோக்காரர் கிடைத்திருக்கிறார். யாரைப் பார்த்தாலும் "கொஞ்சம் சிரிங்க" என்கிறார், முகமூடி போட்டவனைப் பார்த்தும் சொல்கிறார். நிசப்தனாக நடிப்பவன் பல்லி. பெரிய கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிப் பெயின்ட் அடிப்பவன், அதனால் அந்தப் பெயர். நல்ல உயரம். நம் அத்தான் உயரம் இருப்பான்.

உடைதான் இல்லை. வாடகைக்கு எடுத்ததைப் பார்த்தேன், மூட்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறது. நீதான் தைக்க வேண்டும். அத்தானுக்குப் பிறகு நீ ஆம்பளை உடுப்பைத் தொடுவதில்லை, ஆஸ்பத்திரித் திரைச்சீலையும் தலையணை உறையும்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் எத்தனை நாளைக்கு? கடைசியாக வேலைக்குப் போன அன்றைக்கு அவர் வாசலில் நின்று "வரேன்" என்று சொன்னதை எதிர்வீட்டு டீச்சர் சொல்லித்தான் நீ தெரிந்துகொண்டாய். மிஷின் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை, நீ தலை நிமிரவில்லை. அதற்கு யார் என்ன செய்ய முடியும்? மிஷின் அப்படிப்பட்ட மிஷின்.

துணியும், அளவுக்குப் பல்லியின் பேண்ட் சட்டையும் இத்துடன் அனுப்புகிறேன். அளவுத் துணியைச் சணல் கயிற்றால் நானே கட்டியிருக்கிறேன். மாட்டேன் என்று மட்டும் எழுதாதே.

உன் தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. கண் எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. நீ இருமலுக்கு வெந்நீரைத் தவிர எல்லாவற்றையும் குடித்துக்கொண்டிருப்பாய்.

மாட்டேன் என்று ஒரு கடிதம் எழுதி மடித்தும் வைத்தேன். தபாலில் போட மனசு வரவில்லை. பிறகு ஒருநாள் துணியைச் சும்மா பிரித்துப் பார்த்தேன். அவ்வளவுதான், மேஜையில் விரித்தாகிவிட்டது. சாம்பல் நிறத்தில் நல்ல துணிதான் எடுத்திருக்கிறாய், உனக்கு இவ்வளவு ரசனை எங்கிருந்து வந்தது?

உடையை இந்தப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். மார்புக்குள் ஸ்பாஞ்சு வைத்திருக்கிறது, நனையவிடாதே. பாதத்துக்கு அடியில் ஒரு பட்டை வரும், அதை மாட்டாமல் போட்டால் கால் ஏறிக்கொள்ளும். முகமூடியில் கண் இருக்கும் இடத்தில் வலைத்துணி வைத்திருக்கிறேன், உள்ளேயிருந்து தெரியும், வெளியேயிருந்து தெரியாது. இடது கால் கொஞ்சம் பிடிக்கும். பிடிக்கட்டும், பிரிக்காதே. யார் சொன்னாலும் பிரிக்காதே.

அளவுத் துணியையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பையனிடம் பத்திரமாகக் கொடுத்துவிடு.

படம் எடுத்ததும் எப்படி வந்தது என்று எழுது. நன்றாக இருக்கிறது, சூப்பராக இருக்கிறது என்று ரெண்டு வரியில் முடிக்காதே. அவன் போட்டுக்கொண்டு எப்படி நிற்கிறான், எப்படி நடக்கிறான், எல்லாம் எழுது.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. நீ சௌக்கியமா?

உன் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும். பல்லி உடையை மாட்டிக்கொண்டு படிக்கட்டிலிருந்து வெளியே வந்தான். வீடியோக்காரர்கூட சிரிக்கச் சொல்ல மறந்துவிட்டார்.

முதல் காட்சி, மேல்மாடியில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நிசப்தன் நடந்து வருவது. பல்லி சாதாரணமாக எப்படி நடப்பான் என்று உனக்குத் தெரியாது. பின்னால் நாய் துரத்துகிற மாதிரி நடப்பான். அன்றைக்கு அப்படி நடக்கவில்லை. இடது காலை அரை நொடி தாமதமாக எடுத்து வைத்தான், இடது தோள் தாழ்ந்து, தலை மட்டும் நிமிர்ந்து. லிஃப்ட் பழுது பார்க்கப் போய்க் குழியில் விழுந்து கால் குட்டையான பிறகு அத்தான் எப்படி நடந்தாரோ அதே நடை. வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உன் தெருவில் வருவாரே, அப்படி.

"நடிப்புன்னா இது நடிப்பு" என்றார் வீடியோக்காரர். பல்லியைக் கேட்டேன். "நடிக்கலைண்ணே, கால் இழுக்குது, அதுக்கேத்த மாதிரி போறேன்" என்றான். சரி, துணி செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் படிக்கட்டு அறைக்குள் போகும்போது ஒன்று செய்தான் அக்கா. கையை உயர்த்திக் கதவு நிலையின் மேல்கட்டையை இரண்டு விரலால் தொட்டுவிட்டுக் குனிந்து போனான். தலை இடிக்காமல் இருக்க அத்தான் எந்த வாசலிலும் செய்வாரே, அதேதான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கதவு உயரமானது, இடிக்கவே இடிக்காது. ஏன் தொட்டாய் என்றால், "தொட்டேனா?" என்கிறான்.

இன்னொன்று. அளவுத் துணியைப் பல்லியிடம் கொடுக்கும்போது பார்த்தேன். நான் போட்ட முடிச்சு, நான் சொருகிய நுனி, எல்லாம் அப்படியே இருக்கிறது. நீ பிரிக்கவே இல்லையா? பிறகு எந்த அளவில் தைத்தாய்?

உன் தம்பி

ஏப்ரல் 1

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். ஆஸ்பத்திரியில் திரைச்சீலை ஆர்டர் வந்திருக்கிறது, பச்சையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே பச்சையாகிவிடும் போலிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

எந்தக் கையால் தொட்டான்? வலது கைதானே? இரண்டு விரல் என்றால் ஆள்காட்டி விரலும் நடுவிரலுமா? தட்டினானா, சும்மா தொட்டானா? லிஃப்ட் பக்கம் போனால் நின்று மேலே பார்க்கிறானா? கயிறு ஓடும் சத்தத்தை வைத்தே எது பழுது என்று உன் அத்தான் சொல்லிவிடுவார். அங்கே லிஃப்ட் இருக்கிறது அல்லவா, அதன் முன்னால் ஒரு காட்சி வை. எனக்காக வை.

பையனைச் சீக்கிரம் உடையைக் கழற்றச் சொல்லாதே. காட்சிக்குக் காட்சி கழற்றினால் தையல் விட்டுப் போகும்.

எல்லாவற்றுக்கும் உடனே பதில் எழுது. ஒரு மாதம் ஆக்காதே.

அக்கா

ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொண்டிருப்பாய். கோபி. ஆனால் உடம்பைப் பார்த்துக்கொள்.

படம் முடிந்தது! கார் நிறுத்துமிடத்தின் பின்பக்கச் சுவரில் வெள்ளையடித்து, அதிலேயே முதல்முறை போட்டோம். வேலை செய்கிற ஆட்கள், காரை எடுக்க வந்தவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். நிசப்தன் வரும் காட்சிகளில் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டிருந்தேன். அதுதானே அவன் சக்தி. ஆனால் அவன் திரையில் நடந்தபோது படத்தில் மட்டுமில்லை, சுற்றிலும் சத்தம் இல்லை. ரோட்டில் பஸ் போவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. எல்லாரும் படத்தில் லயித்துவிட்டார்கள் என்று வீடியோக்காரர் சொல்கிறார். பஸ்ஸுமா லயிக்கும்?

இணையத்தில் போட்டதும் பிய்த்துக்கொண்டு போகிறது. கதை சுமார்தான் என்று முகத்துக்கு நேரே எழுதுகிறார்கள், நன்றி. ஆனால் எல்லாரும் அந்த நடையைப் பற்றியே பேசுகிறார்கள். அவரவர் வீட்டில் நிலையைத் தொட்டுவிட்டு நுழைந்து வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். உடையின் வெட்டுப் படிவத்தைக் கேட்டு ஒரே தொல்லை, தாங்களும் தைத்துக்கொள்ள வேண்டுமாம். கொடுக்கட்டுமா?

லிஃப்ட் காட்சி வைத்தேன். நின்றான். மேலே பார்த்தான். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான். இதை நான் எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

பல்லிக்கு இப்போது உடை இல்லாமலும் அதே நடைதான் அக்கா. செருப்பில் இடது பக்கம் ஓரமாகத் தேய்ந்திருக்கிறது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், இரண்டு காலும் ஒரே நீளம், ஒன்றுமில்லை என்றுவிட்டார். பாதிப் படத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. நிறுத்தியிருக்கலாம். அந்த நடை இல்லாவிட்டால் என் படத்தில் என்ன இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். நீ கொஞ்சம் பிரித்து விட்டால் சரியாகிவிடுமா?

உன் தம்பி

ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம், உண்மையாகவே நலம்.

டீச்சர் வீட்டில் அவள் கம்ப்யூட்டரில் படம் பார்த்தேன். வில்லனாக வருபவன் வாயில் மிட்டாயை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிப் பேசுகிறான். மற்றதெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலையைத் தொடும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். பிறகு மறுபடி போடச் சொன்னேன். டீச்சர் காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள், நல்லவள். எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே.

வெட்டுப் படிவத்தைப் பழுப்புத் தாளில் வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாராளமாகப் போடு. யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளட்டும். ஊர் ஊராகத் தைக்கட்டும். இடது காலை வரைந்திருக்கிறபடியே வெட்டச் சொல், சரி செய்கிறேன் பேர்வழி என்று யாரும் திருத்த வேண்டாம்.

போன வாரம் தெருக்கோடியில் ஒருத்தன் அந்த உடையில் போனான். உங்கள் படத்தைப் பார்த்து யாரோ சுமாராகத் தைத்துக்கொடுத்தது, தோளில் சுருக்கம் விழுகிறது. நடை வரவில்லை. ஆனாலும் அவன் திருப்பத்தில் மறையும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

பல்லி சின்ன வயசுப் பையன், நாளாவட்டத்தில் சரியாகிவிடும். நீ ஒன்றும் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அக்கா

ஆகஸ்ட் 29

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

பல்லி விழுந்துவிட்டான். கயிற்றில் தொங்கும் பலகையில் இடது கால் ஊன்றவில்லை, சறுக்கிவிட்டது. இடுப்பில் பெல்ட் போட்டிருந்ததால் உயிரோடு இருக்கிறான். கீழே இருந்தவர்கள் பிடித்து இறக்கும்வரை அந்தரத்தில் தலைகீழாகத் தொங்கியிருக்கிறான். இனிமேல் அவனைக் கயிற்றில் ஏற்றமாட்டேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவன் அம்மா என்னிடம் வந்து, "என் பிள்ளை வீட்டுக்குள்ள வர்றப்போ நிலையைத் தொட்டுட்டு வர்றான்பா, யாரோ வர்ற மாதிரி இருக்கு, எனக்கு அவனைப் பார்க்கவே பயமா இருக்கு" என்று அழுகிறார்.

படக்கதைக் கம்பெனி எங்கள் மேல் கேஸ் போடும் என்று பயந்துகொண்டிருந்தேன். போடவில்லை. இந்த மாதப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நிசப்தனின் இடது தோளைத் தாழ்த்தி வரைந்திருக்கிறார்கள்! நம் படிவத்தில் தைத்துப் போட்டுக்கொண்ட ரசிகர்கள் எங்கெங்கோ நொண்டிக்கொண்டு நடக்கிறார்கள், கழற்றினால் சரியாகிவிடுகிறதாம். பல்லிக்கு மட்டும் ஆகவில்லை. நீ உன் கையால் தைத்ததைப் போட்டவன் அவன் ஒருத்தன்தான்.

இனிச் சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. நீ அத்தான் அளவில்தான் தைத்தாய். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். துணி இழுப்பதால் கால் வளையும், சரி. நிலையைத் தொடுவது எந்தத் துணியில் வரும்? லிஃப்ட் கயிற்றைக் காது கொடுத்துக் கேட்பது எந்தத் தையலில் வரும்?

அவரைப் பார்க்க வேண்டும் என்று உனக்கு இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லையா? எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் அதற்கு இன்னொருத்தர் பிள்ளையின் காலைக் கேட்கலாமா அக்கா? பிரித்துவிடு. எப்படிச் செய்தாயோ அப்படியே திருப்பிச் செய்.

தம்பி

செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

நீ திட்டி எழுதிய கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையன் எப்படி இருக்கிறான்? நன்றாக இருக்கிறான் என்று முதலில் ஒரு கார்டு போடு.

உன் அத்தானுக்கு ஒரு பேண்ட் வெட்டி வைத்திருந்தேன். அவர் போன அன்று காலை மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். சாயங்காலம் வந்து டிரையல் பார்க்கிறேன் என்று முதல் நாள் சொல்லியிருந்தார். எப்போதும் அவருக்கு இடது காலில் அரை இன்ச் குறைத்துத் தைப்பேன், நடக்கும்போது தரையில் புரளாமல் இருக்க. டிரையல் பார்க்காமலே அது மேஜையில் கிடந்தது. நான் மடிக்கவில்லை. அதன் மேல்தான் திரைச்சீலை வெட்டினேன், தலையணை உறை வெட்டினேன்.

நீ அனுப்பிய துணியையும் அதன் மேல்தான் விரித்தேன். அத்தான் உயரம் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரி போதும். முடிச்சை அவிழ்க்கத் தோன்றவே இல்லை. வெட்டும்போது அவர் வந்து போட்டுப் பார்த்தால் போதும், போட்டுப் பார்த்தால் போதும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவுதான் செய்தேன். மந்திரமா தந்திரமா, எனக்கு ஒன்றும் தெரியாது. பார்க்க ஆசையாக இருந்தது. அந்தப் பிள்ளை விழுந்தான் என்று படித்த பிறகும் ஆசை மட்டும் போகவில்லை. அதுதான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

டிரையல் பார்க்காமல் நான் எதையும் பிரிக்கமாட்டேன், அப்படிப் பழக்கமில்லை. மடிப்புக்குள் துணி விட்டுத்தான் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பல்லியை உடையோடு அனுப்பு. உடம்பில் போட்டுக்கொண்டு நிற்கட்டும். அரை இன்ச்சை இறக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

அக்கா

அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நேற்று முழுக்க எங்களுக்காகக் காத்திருந்து ஏமாந்திருப்பாய்.

பல்லியை நான்தான் பஸ் ஏற்றிவிடப் போனேன். பாலத்தில் லாரி கவிழ்ந்து பஸ் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். மதியம் வரை நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டோம். பாவம், நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனான். உனக்குப் போனிலும் சொல்ல வழியில்லை. இனியாவது அந்தப் போனைப் பரணிலிருந்து இறக்கு.

உடையைப் பெட்டியோடு கொண்டுவந்து டோக்கன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என்னிடம்தான். வருகிற ஞாயிறு எப்படியும் அனுப்புகிறேன். மறுபடி மனசு மாறிவிடாதே அக்கா.

உன் தம்பி

அக்டோபர் 13

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? நேற்று பல்லி வந்துவிட்டுப் போனான். வேலை முடிந்தது என்று உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

மதியம் இருக்கும். டீச்சர் வீடு பூட்டியிருந்தது, தெருவில் ஈ காக்கை இல்லை. நான் தலையணை உறை ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று மிஷின் சத்தம் நின்றுவிட்டது. பார்த்தால் சக்கரம் சுற்றுகிறது, என் காலும் மிதிக்கிறது, சத்தம்தான் இல்லை. காது அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நிமிர்ந்தேன். வாசலில் நிற்கிறான், முழு உடையில், முகமூடியோடு.

"இப்படியேவா பஸ்ல வந்தே?" என்றேன். பதில் இல்லை. வேஷத்தைக் கலைக்காமல் விளையாடுகிறான், விளையாடட்டும் என்று விட்டுவிட்டேன். நிலையைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தான். பெயின்ட் தேய்ந்து ஒரு இடம் இருக்கிறதே, நான் பூச விடாமல் வைத்திருக்கிறேனே, சரியாக அங்கேதான் தொட்டான். டிரையலுக்கு நிற்கிற முக்காலி திரைக்குப் பின்னால் இருக்கிறது. நான் சொல்லவில்லை, அவனே எடுத்துப் போட்டு ஏறி நின்றான்.

கீழே உட்கார்ந்து இடது கால் மடிப்பைப் பிரித்தேன். அரை இன்ச் இறக்கி ஊக்குக் குத்திப் பார்த்தேன், தரைக்குச் சரியாக வந்தது. போட்டிருக்கும்போதே கையால் தைத்துவிடலாம் என்று பார்த்தால் சாம்பல் நூல் தீர்ந்துபோயிருந்தது. மிஷினில் இருந்த நீல நூலைப் போட்டிருக்கிறேன், மன்னித்துக்கொள். உள்பக்கம்தான், கேமராவில் தெரியாது. ஊசி ஒரு தடவை கணுக்காலில் பட்டுவிட்டது, "ஐயோ, குத்திடுச்சா?" என்றேன். அசையவே இல்லை.

தைத்து முடித்து, நடந்து காட்டச் சொன்னேன். ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தான். நேராக, தோள் இரண்டும் ஒரே மட்டத்தில், காலை இழுக்காமல். உன் அத்தான் நேராக நடந்து நான் பார்த்தது கல்யாணமான புதிதில்தான். கண் எரிச்சல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் நின்று என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான், அல்லது அப்படித் தோன்றியது. வலைத்துணிக்குப் பின்னால் என்ன தெரியும்?

வாசலுக்குப் போனபோது, "போயிட்டு வாங்க" என்று என் வாயில் வந்துவிட்டது. சின்னப் பையனைப் போய் வாங்க போங்க என்றுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அவன் நின்றான். தலையை மட்டும் அசைத்தான். நிலையைத் தொடாமல், குனியாமல், வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகுதான் மின்விசிறி ஓடும் சத்தமே கேட்டது. ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, பையன் கோபித்துக்கொள்ளப் போகிறான்.

அக்கா

அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் எனக்கு வந்த அன்று என் கடிதம் உனக்கு வந்திருக்கும். நீயும் படித்திருப்பாய். நலமாக இருக்கிறாயா? தனியாக இருக்கப் பயமாக இருந்தால் டீச்சரை வந்து படுத்துக்கொள்ளச் சொல். நான் வரட்டுமா?

அலமாரிப் பூட்டு பூட்டினபடி இருந்தது. பல்லியைக் கூப்பிட்டு அவன் முன்னாலேயே திறந்தேன். பெட்டி மேல் ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை. உடையை எடுத்து இடது காலைத் திருப்பிப் பார்த்தோம். அரை இன்ச் இறங்கியிருக்கிறது. உள்பக்கம் நீல நூல். உன் கைத்தையல் எனக்குத் தெரியாதா, பள்ளிக்கூட நாளிலிருந்து என் பட்டன் எல்லாம் நீ தைத்தது. ஓரத்தில் ஒரு ஊக்கு எடுக்க மறந்து அப்படியே இருக்கிறது.

போட்டுப் பார் என்று பல்லியிடம் நான் சொல்லவில்லை. அவனே போட்டுக்கொண்டான். சரிவுப் பாதையில் இறங்கி, திரும்பி ஏறி வந்தான். பின்னால் நாய் துரத்துகிற மாதிரி! கழற்றிய பிறகும் அப்படியே. படிக்கட்டுக் கதவில் நிலையைத் தொடவில்லை. "அண்ணே, கால் என்னோட கால் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன். நாளைக்கு மேஸ்திரியைப் பார்க்கப் போகிறான்.

வீடியோக்காரரிடம் மூச்சு விடவில்லை. சாயங்காலம் படத்தைப் போட்டுப் பார்த்தேன். படத்தில் மட்டும் பழைய நடைதான். அது இருக்கட்டும்.

வெட்டுப் படிவத்தைத் திருத்திப் போடட்டுமா? நீ சொன்னால்தான் செய்வேன்.

உன் தம்பி

அக்டோபர் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வா.

படிவத்தைத் திருத்திவிடு. இரண்டு காலும் ஒரே நீளம்.

நீல நூல் சாயம் விடும். அந்த உடையைத் துவைக்காதே, யார் கேட்டாலும் கொடுக்காதே, மடித்து வை. பல்லிக்கு வேறு ஒன்று தைத்துத் தருகிறேன். அவன் அளவுத் துணியை மறுபடி அனுப்பு. இந்தத் தடவை முடிச்சை அவிழ்த்துத்தான் வெட்டுவேன். மேஜையைக் காலி செய்துவிட்டேன். உன் அத்தானின் பேண்டைக் கால் இரண்டையும் சமமாக்கித் தைத்து முடித்து, இஸ்திரி போட்டு உள்ளே வைத்திருக்கிறேன்.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அன்றைக்கு அவர் "வரேன்" என்று சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, நான் சொன்னது அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும். தலையை நிமிர்த்தி, முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன் தம்பி.

அக்கா